காலைக் கழற்றித் தைத்த போர்வை

1

சபைப் பெண்கள் கூட்டத்துக்கு நான் அனுப்பிய பஞ்சுப் போர்வையை நடுவில் விரித்துப் போட்டுக்கொண்டு, ஜெபம் முடிந்த பிறகும் கலையாமல் வாதாடினீர்களாம். தங்கை சுகிர்தம் எழுதியிருக்கிறாள். கையால் தைத்தது என்று பாதிப் பேர், மிஷினில் தைத்தது என்று பாதிப் பேர். மிஷின் தையல் நேராகத்தானே ஓடும், இதுவோ அவரைக்கொடி படர்ந்தாற்போல் வளைந்து வளைந்து, ஓரிடத்திலும் நூல் அறாமல் மூலைவரை போகிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில், எப்போது ஊருக்குத் திரும்பி வர உத்தேசம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மிஷினில் தைத்ததுதான். ஆனால் அதைக் கற்ற விதத்தை எழுதினால் வேறொன்றையும் எழுத வேண்டி வரும். இதுவரை ஊருக்குப் போட்ட எந்தக் கடிதத்திலும் அதை நான் சொன்னதில்லை. இந்த மாதத்தோடு நாங்கள் குடியாத்தத்தை விட்டு இந்த மைசூர் ராஜ்யத்துத் தங்க வயலுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இப்போதுதான் காலை ஷிப்டுக்கு ஊதினார்கள். என் வீட்டுக்காரர் மாசிலாமணி சோற்றுத் தூக்கோடு போய்விட்டார். கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஸ்கெலட்டன் லைனில் எங்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். ஜன்னலடியில் மிஷின். மில்லில் கல் இடிக்கும் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. எப்போதாவது அது நின்றால்தான் எங்களுக்குக் காது அடைத்தாற்போல் இருக்கும்.

2

நாங்கள் வந்தபோது தங்க வயலுக்குள் இருக்கும் மாரிகுப்பத்துக்கு ரயில் கிடையாது. பௌரிங்பேட்டையில் இறங்கி மாட்டு வண்டியில் வந்தோம். அவருக்குச் சுரங்கத்துக்குள்ளே கல் ட்ராலி தள்ளும் வேலை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள் என்று யாரோ சொல்லி, சில வருடம் கழித்து, கேப்டன் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். பட்டாளத்துக் கேப்டன் இல்லை. சுரங்கத்துக்குள் நடக்கும் வேலைக்கெல்லாம் தலைவரை இங்கே அப்படித்தான் அழைப்பது.

அவருடைய துரைசானிக்கு அப்போது இருபத்து மூன்று வயதிருக்கும். என்னைவிடச் சின்னவர். கார்ன்வால் என்ற சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். முதல் குழந்தை ஆறு மாதத்தில் போய்விட்டது, இங்கேதான் புதைத்திருக்கிறார்கள். இரண்டாவதை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார்.

போன முதல் வாரத்திலேயே, "குயில்ட் தைக்கணும், முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். முடியும் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு நாள் பாடுபட்டு, ஒரு கைக்குட்டையில் கறுப்பு நூலால் குயில் ஒன்றைத் தைத்து, சிவப்பு நூலால் கண் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார், நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பென்சிலால் படம் போட்டுக் காட்டினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு. மூன்றும் நழுவாமல் இருக்க மேலே முழுக்கத் தையல். அவர்கள் ஊரில் பிறக்கிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்வை உண்டாம். முதல் குழந்தைக்கு அவருடைய தாயார் தைத்து அனுப்பியது எங்கே என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே, கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். அதில்தான் சுற்றிப் புதைத்திருக்கிறார்கள்.

காலால் மிதிக்கும் மிஷின் ஒன்று சீமையிலிருந்து வந்திருந்தது. கூடவே படம் போட்ட ஒரு சிறு புத்தகம். அதில் ஒரு பக்கத்தில் கொடியும் இலையுமாக மிஷினிலேயே தைத்த ஒரு துணி. அம்மாளுக்கும் அந்த வித்தை தெரியாது, எனக்கும் தெரியாது. புத்தகத்தைப் பார்த்து அவர் படிப்பார், நான் செய்வேன்.

"டேக் ஆஃப் தி ஃபுட்" என்றார் முதல் நாள். காலை எடு என்கிறார் என்று மிதியிலிருந்து காலை எடுத்தேன். மறுபடியும் அதையே சொன்னார். இன்னொரு காலையும் எடுத்தேன். மூன்றாம் தடவை சொன்னபோது இரண்டு காலையும் நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டு, இனி எடுக்கக் கால் இல்லையே என்று விழித்தேன். அவர் குனிந்து, ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கிற சின்ன இரும்புப் பாதத்தைத் திருகிக் கழற்றிக் காட்டினார். அதற்கும் கால் என்றுதான் பேர்.

3

எப்படி என்று கேட்டவர்களுக்கு இந்தப் பகுதி.

மிஷினில் துணியை நேராக இழுத்துப் போவது இரண்டு: மேலே அழுத்தும் அந்தக் கால், கீழே தகட்டுக்குள்ளிருந்து எழும்பி எழும்பித் தள்ளும் பல். காலைக் கழற்றிவிட்டு, பல்லின்மேல் ஒரு மெல்லிய தகட்டைத் திருகி மூடிவிட்டால், துணியை இழுக்க யாருமில்லை. ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். பிறகு நீங்கள்தான் இரண்டு உள்ளங்கையையும் துணியின்மேல் விரித்து வைத்து, போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும்.

சொல்ல எளிது. கை முந்தினால் தையல் நீளமாகிப் பல்லிளிக்கும். கால் முந்தினால் ஒரே இடத்தில் முடிச்சு முடிச்சாகச் சேரும். ஊசி துணிக்குள் இருக்கும்போது இழுத்துவிட்டால் ஊசி வளைந்து தகட்டில் மோதி முறியும். முதல் ஐந்து நாளும் எனக்கு அடிப்பக்கம் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டது. நூலை மாற்றினோம், ஊசியை மாற்றினோம், எண்ணெய் விட்டோம். ஆறாம் நாள் அம்மாள்தான் கண்டுபிடித்தார். கால் இல்லாவிட்டாலும், காலைத் தாழ்த்துகிற கம்பியைக் கீழே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேல்நூலுக்குப் பிடிமானம் இராது. கம்பியை இறக்கித் தைத்துத் திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கமும் மேல்பக்கம் போலவே சுத்தமாக இருந்தது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். துரைசானி என்பதையும் மறந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

அதன் பிறகும் எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் தையல் கோணினால் தையல் டீச்சரம்மாள் விரல் கணுவில் அளவுகோலால் தட்டுவார். அந்தப் பயம் இருபது வருடம் கழித்தும் விரலில் இருந்தது. வளைக்க வேண்டிய இடத்தில் கை தானாக நேர்கோட்டுக்கு ஓடிற்று. பழைய வேட்டித் துண்டுகளில் ஒரு மாதம் தைத்துப் பார்த்தேன். ஊசிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. ஒன்று என் இடது ஆள்காட்டி விரலில் ஏறி மறுபக்கம் வந்தது.

ஏழாம் மாதம், துரைசானி படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷின் சத்தமும் ஆகாதென்றார். மிஷினை என் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்து முடிக்கச் சொன்னார் அம்மாள். பங்களாவிலிருந்து லைனுக்கு ஒரு சாமான் போக வேண்டுமானால் சீட்டு வேண்டும். சீட்டில் "மிஷின் ஒன்று" என்று எழுதியிருந்தது. அதன் மேசையை எழுதவில்லை. காவல் சாவடியில் மேசையை நிறுத்திக்கொண்டு மிஷினை மட்டும் விட்டார்கள். மேசை இல்லாத மிஷின் உட்காரப் பலகை இல்லாத வண்டி. மறுநாள் இன்னொரு சீட்டு வாங்கி மேசையைக் கொண்டுவந்தேன். பஞ்சுக்கு ஒரு சீட்டு, துணிக்கு ஒரு சீட்டு. இங்கே பூமியிலிருந்து எடுப்பது தங்கம் என்பதால், எது எங்கே போனாலும் அதற்குள் தங்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

எங்கள் ஒரே மகள் கிருபைக்கு அப்போது பத்து வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வீட்டில் சோறு வைத்தால் "பேடாம்மா" என்று கன்னடத்தில் மறுப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தெலுங்கில் சண்டை போடுவாள். சங்கீதத்தைத் தமிழில் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள்; இங்கிலீஷில் மடமடவென்று ஓடுவாள். இந்தப் பிள்ளை நம் பிள்ளைதானா என்று நான் மனம் வெதும்பிய நாட்கள் உண்டு.

4

போர்வை முக்கால் பங்கு முடிந்திருந்தது. துரைசானிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் பிரசவம் என்றார்கள். எல்லா ஊசியும் முறிந்து கடைசி ஊசி ஒன்றுதான் மிஷினில் இருந்தது. சென்னப்பட்டணத்திலிருந்து வர வேண்டிய ஊசிப் பொட்டலம் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தைத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். காய்ச்சல் விட்டு எழுந்த கிருபை பள்ளிக்குப் போகாமல் பாயில் படுத்திருந்தாள்.

கதவைத் தட்டவில்லை, தள்ளினார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், பஞ்சாப் பக்கத்துக் காவல்காரர்கள் இருவர். அந்த இருவருக்கும் இந்துஸ்தானி மட்டும்தான். இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நீட்டி ஏதோ சொன்னார். கிருபை எழுந்து வந்து கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, சொரங்கத்துல நைனா வேல செய்ற லெவல்ல தங்கம் தெரியற கல்லு கொஞ்சம் காணோமாம். நைனாவையும் கூட இருந்தவங்களையும் சாவடில உக்கார வெச்சிருக்கறாங்க. எல்லார் வூட்டையும் பாக்கறாங்களாம்."

அவர்கள் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். அடுப்பை உடைத்தார்கள். அரிசிப் பானையைத் தரையில் கவிழ்த்தார்கள். தலையணையைக் கிழித்தார்கள். கடப்பாரையால் தரையை மூன்று இடத்தில் தோண்டினார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் மிஷினில் கிடந்த போர்வையைப் பார்த்தார். இந்த வீட்டுக்கும் பங்களாவுக்கும் பஞ்சு மூட்டை போவதும் வருவதுமாக இருக்கிறதென்று லைனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

நான் போர்வையின்மேல் விழுந்து கட்டிக்கொண்டேன். பிறகுதான் சாவடியில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் நினைவு வந்தது. இங்கே தங்கம் தெரிகிற கல் ஒன்று வீட்டில் கிடைத்தாலும் போதும், ஜெயில்தான். கிடைக்காவிட்டாலும் சந்தேகம் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும், வீடும் போய்விடும்.

"அய்யா, உங்க கால்ல விழறேன். போர்வைய கிழிச்சாலும் கிழிச்சுக்கோங்க. என் வூட்டுக்காரர வுட்டுடுங்க. அவரு ஒண்ணும் அறியாதவரு," என்று அழுதேன். "சொல்லு கிருபை, சொல்லுடி."

கிருபை பேசினாள். நான் சொன்னது நாலு வரி. அவள் பேசியது அதைவிட நீளம். அழவில்லை, கை கூப்பவில்லை. மிஷினைக் காட்டினாள், துணியைத் தடவிக் காட்டினாள். ஊசி என்ற சொல்லுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். அது மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் கத்தியைத் தாழ்த்தி அவளை ஏதோ கேட்டார். பதில் சொன்னாள்.

"அம்மா, மிஷின்ல உக்காரு."

"இன்னாத்துக்குடி?"

"ஒரு கல்ல அவரே உள்ள வெப்பாரு. நீ அதும்மேல தைக்கணும். ஊசி முறிஞ்சுதுன்னா, நீ தைச்ச எடத்துல கல்லு இருக்கவே முடியாதுன்னு ஆவுதுல்ல?"

"ஒரே ஊசிதான்டி இருக்குது."

"தெரியும். உக்காரும்மா."

இன்ஸ்பெக்டர் என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். தோண்டிய தரையிலிருந்து பாசிப்பயறு அளவு கல்லொன்றை எடுத்து, இன்னும் தைக்காமல் கிடந்த கால் பங்கின் ஓரத்தைத் திறந்து பஞ்சுக்குள் எங்கோ வைத்தார். நான் உட்கார்ந்து மிதித்தேன்.

வளைந்து போனேன், திரும்பி வந்தேன். ஊசி முறியவில்லை. இன்னொரு வரி. முறியவில்லை. என் வரிகளுக்கு நடுவே சுண்டுவிரல் அகலம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் கல் கிடந்துவிட்டால்? அப்படிக் கிடந்தால், முக்கால் போர்வையிலும் இடைவெளி தோறும் கல் இருக்கலாம் என்று ஆகிவிடுமே! நெற்றி வியர்வை துணியில் சொட்டியது. காவல்காரன் ஒருவன் கொட்டாவி விட்டான். இன்ஸ்பெக்டர் கத்தி முனையால் மேசையைத் தட்டத் தொடங்கினார்.

அப்போது என் இடது உள்ளங்கைக்கு அடியில் ஏதோ நெருடியது. பஞ்சுக்கு மேலாக மணல் அளவுதான் தட்டுப்பட்டது. ஆனால் மாதக்கணக்காகத் துணியின்மேல் விரித்து வைத்த கை அது. ஒரு பருத்திக்கொட்டைத் தூசி கிடந்தாலும் அதற்குத் தெரியும். கல் இரண்டு வரிக்கு நடுவேதான் கிடந்தது. ஊசி அதைத் தொடாமலே தாண்டியிருக்கும். நான் துணியைத் திருப்பி, கல்லை ஊசிக்கு நேரே கொண்டுவந்து, மிதித்தேன்.

படாரென்று முறிந்தது. முனை பறந்து என் புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. நான் அதைத் துடைக்காமல் இன்ஸ்பெக்டரின் கையைப் பார்த்து, அந்த இடத்தில் வைக்கும்படி சைகை காட்டினேன். வைத்தார். கல் தட்டுப்பட்டது. "அம்மாவோட கைக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, ஊசிக்கு முன்னாடியே," என்று கிருபை தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொன்னாள்.

அந்த மனிதர் போர்வையைத் தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்து, தைத்த பாகம் முழுவதையும் உள்ளங்கையால் சாண் சாணாகத் தடவினார். தைக்காத பாகத்துப் பஞ்சைப் பிடுங்கி உதறினார். ஒன்றுமில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிய காகிதத்தில் என் பேரைத் தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன். சோதனைக்கு உத்தரவு கொடுத்த காகிதமும் அருகில் கிடந்தது. கிருபை அதன் கடைசியைப் படித்துவிட்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, கேப்டன் துரை கையெழுத்து."

5

அன்று முழுவதும் அவரை விடவில்லை. சாயங்காலம், கிழிந்த தலையணைப் பஞ்சைக் கூட்டிக்கொண்டே கிருபையைக் கேட்டேன்: "நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"இல்ல. அத சொல்லவே இல்ல."

"ஏன்டி?"

"கால்ல விழறேன்னு சொன்னா, நாம திருடிட்டோம்னு நெனைச்சுக்குவாரு. அதான் நானே வேற சொன்னேன்."

அறைந்திருப்பேன். அறையாமல், அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எந்த இங்கிலீஷ் என் பிள்ளையை என்னிடமிருந்து கொண்டுபோகிறதென்று நினைத்தேனோ, அதுதான் அன்று எங்களுக்காகப் பேசியது. அப்படியும் எனக்குப் பயமாக இருந்தது. நான் சொல்லாததை என் பேரால் சொல்லக்கூடியவளாக அவள் ஆகியிருந்தாள்.

மறுநாள் அவரை விட்டார்கள். வலது கையை மடக்க முடியாமல் வந்தார். என்ன நடந்ததென்று இன்றுவரை சொன்னதில்லை. அந்தக் கற்கள் யாரிடம் போயின என்பதும் எங்களுக்குத் தெரியாது.

"போயிடலாம் ஞானப்பூ," என்றார். "ஊர்ல களை புடுங்கியாச்சும் பொழைச்சுக்கலாம்."

"போர்வைய முடிச்சுட்டுப் பேசலாம்," என்றேன்.

ஊசிப் பொட்டலம் வரவே இல்லை. மீதிக் கால் பங்கைக் கையால் தைத்தேன். மிஷின் போட்ட கொடி நின்ற இடத்திலிருந்து, அதே வளைவில், எட்டு நாள். ஒன்பதாம் நாள் பங்களாவில் பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, நல்ல குரலோடு.

6

போர்வையை எடுத்துக்கொண்டு கிருபையோடு போனேன். துரைசானி படுக்கையில் சாய்ந்திருந்தார். கேப்டன் துரை வேலைக்குப் புறப்பட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலருகே நின்றார். அம்மாள் போர்வையை விரித்து விரலால் கொடியைத் தொடர்ந்துகொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். இங்கிருந்து கைத்தையல், ஏன் என்று கேட்டார்.

கிருபை என்னைப் பார்த்தாள். "அம்மா, இன்னா சொல்லட்டும்?"

ஊசி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல. என் வீட்டுக்காரரின் வேலையும் நாங்கள் குடியிருக்கும் கூரையும் வாசலில் நிற்கிற அந்த மனிதர் கையில் இருந்தன.

"நடந்தத சொல்லு," என்றேன். "கூட்டாத, கொறைக்காத. என் வார்த்தைய மாத்தாத. கடைசில இருந்த கையெழுத்தையும் சொல்லு."

அவள் சொன்னாள். அடுப்பு, அரிசி, தரை, கல், ஊசி என்று என் கண்ணைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கையெழுத்து என்ற இடம் வந்தபோது அம்மாள் தலையைத் திருப்பித் தம் கணவரைப் பார்த்து ஒரே சொல்லில் ஏதோ கேட்டார். அவர் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். ஐம்பது காகிதம் ஒன்றாக வந்ததாம்; பேரைப் படிக்காமல் போட்டாராம். அம்மாள் குழந்தையை எடுத்து, அந்தப் போர்வையில் சுற்றி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். துரை என்னைத் தாண்டி வெளியே போனார்.

மூன்று நாள் நாங்கள் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஷிப்டுக்குப் போனவர் வேலை இல்லையென்று திரும்பி வருவாரோ என்று ஒவ்வொரு ஊதலுக்கும் காது கொடுத்தேன். நான்காம் நாள் பங்களா ஆட்கள் இருவர் வந்தார்கள். ஊசிப் பொட்டலம் ஒன்று, ஒரு காகிதம். மிஷினும் அதன் மேசையும் இனி ஞானப்பூவுக்கே சொந்தம் என்று துரைசானி தம் கையால் எழுதி, தாமே ஒப்பமிட்டிருந்தார். மேசையையும் மறக்காமல் எழுதியிருந்தார்.

வீட்டுக்காரர் அதைப் பார்த்த பிறகும் ஊருக்குப் போகலாம் என்றுதான் சொன்னார்.

"போறதா இருந்தா நீங்க போங்க," என்றேன். "நானும் புள்ளயும் இங்கதான் இருக்கறோம். நாம ஒண்ணும் திருடல, ஓடறதுக்கு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் களிமண் குழைத்து, உடைந்த அடுப்பை ஒற்றைக் கையால் கட்டினார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் லைனுக்குச் சோதனை இன்றும் வருகிறது. எங்கள் வீட்டையும் விடுவதில்லை. வந்தால் வரட்டும் என்று நான் தைத்துக்கொண்டே இருப்பேன். கிருபை இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். தமிழில் எழுதினால் இன்னும் ழகரமும் ளகரமும் இடம் மாறிவிடுகின்றன. திருத்துகிறேன். மறுபடியும் மாறுகின்றன.

எப்போது வருவாய் என்று கேட்டிருந்தீர்கள். கற்றுக்கொள்ள ஆசையுள்ளவர்கள் நீங்கள் இங்கே வாருங்கள். பௌரிங்பேட்டையில் வண்டி மாறினால் இப்போது மாரிகுப்பம்வரை ரயில் வருகிறது. லைனுக்குள் நுழையும் இடத்தில் காவல்காரன் யார் வீட்டுக்கு என்று கேட்பான். மாசிலாமணி வீடு என்றால், எந்த மாசிலாமணி என்று வெயிலில் நிற்க வைத்துவிடுவான். என் பேரைச் சொல்லுங்கள். கையை நீட்டி வழி காட்டுவான்.